முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள்

‘ஐயோ’ என்று ஆரம்பிக்கக் கூடாது, அழித்துவிட்டேன், ‘அன்புச் சகோதரி’ என்றும் ஆரம்பிக்கக் கூடாது, அது கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற குரல், ஒரு பூனை செத்துக்கொண்டிருக்கும்போது பன்னீர் எதற்கு, அதையும் அழித்துவிட்டேன், இப்போது போனில் எழுதுகிற இடத்தில் அந்தக் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது, பஸ் துவாக்குடியைத் தாண்டிவிட்டது, நான் இன்னும் ஒரு வார்த்தை எழுதவில்லை. புஷ்பலதா, எழுதுடி. ஜன்னலோரம் சீட்டுக் கிடைத்த சந்தோஷத்தில் எப்போதும்போல எங்கள் ஃபேஸ்புக் குரூப்பைத் திறந்தேன், ‘மீசைக்கார வீடு’, பேர் வைத்தது நான்தான், பூனை வளர்க்கிற தமிழ்க்காரர்கள் கூடிக் கும்மியடிக்கிற இடம், நடத்துகிறவர்கள் இரண்டே பேர், சென்னையிலிருந்து தனஞ்செயன், திருச்சியிலிருந்து நான். திறந்ததும் வந்து நின்றது இந்தப் படம். சிந்துஜா என்று ஒரு பெண், வலங்கைமான்காரி, கைக்குழந்தை வைத்திருப்பவள், மடியில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு கடுவன் பூனை, அதன் வாயோரம் குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை, பக்கத்தில் ரோஸ் கலரில் ஒரு மருந்து பாட்டில். ‘எங்க மாப்ளைக்குக் காய்ச்சல், காது கொதிக்குது. பாப்பாவோட காய்ச்சல் மருந்து அரைப் பாலாடை இப்பதான் கொடுத்தேன், சமத்தா குடிச்சிட்டான், இனி சரியாயிடுவான்.’ மாப்ள என்பது பூனையின் பேர். அந்தப் பதிவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை, கேட்கிறவளுக்குப் பதில் சொல்லலாம், பெருமைப்படுகிறவளிடம் என்ன சொல்வது, அதுவும் கீழே இத்தனை பேர் இதயம் இதயமாகக் குத்திவிட்டுப் போயிருக்கும்போது.

பாரசிட்டமால் பூனைக்கு ஆகாது. போன வருஷம் ஒரு கால்நடை டாக்டர் எங்கள் குரூப்பில் நேரலையில் வந்தபோது வேறு எதைச் சொன்னாரோ இல்லையோ இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார், நமக்கு மருந்து, அதன் உடம்புக்கு அதை வெளியேற்றத் தெரியாது, ரத்தம் கெட்டு ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும், சில மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் கடவுளைக் கேட்க வேண்டியதுதான் என்றார். பூனையின் காது எப்போதுமே நம் கைக்குச் சுடத்தான் செய்யும், மாப்ளைக்குக் காய்ச்சலே இருந்திருக்காமலும் இருக்கலாம், அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை, இவள் குழந்தையின் நெற்றியைத் தொட்ட அதே கையால் இவன் காதைத் தொட்டிருப்பாள், குழந்தைக்கு எடுத்த அதே பாலாடையை எடுத்திருப்பாள், இதில் எங்கேயிருக்கிறது கொடுமை. ஆனால் தனஞ்செயனுக்கு இருக்கிறது. முதல் ஆளாக வந்து எழுதிவிட்டான், ‘கொலை பண்ணிட்டு போட்டோ வேறயா? அறிவுன்னு ஒண்ணு இருக்கா? உன்னை மாதிரி ஆளுங்க பூனை இல்ல, பொம்மைகூட வளர்க்கத் தகுதியில்ல. உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு.’ கடைசி வரி சரி. கடைசி வரி மட்டும்தான் சரி, அதற்கு முன்னால் கன்னத்தில் விழுகிற மூன்று அறையைத் தாண்டி எவள் கடைசி வரிக்கு வருவாள், நானாக இருந்தாலும் வரமாட்டேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தனஞ்செயன் நல்லவன், மழையில் சாக்கடைக்குள் இறங்கிக் குட்டிகளைத் தூக்கிவந்தவன், படிக்காத புத்தகமில்லை, அவன் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் அவனுக்கு வந்த கேடு. அவனுக்குக் கீழேயே விசாலம் அக்கா வந்துவிட்டார், கரூர்க்காரர், குரூப்பில் எல்லோருக்கும் செல்லம், யார் வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் முதல் வாழ்த்து அவருடையதுதான். ‘பச்சப் புள்ளக்காரிய இப்படியா பேசறது தம்பி? பயப்படாத கண்ணு, ஒண்ணும் ஆகாது. எங்க ஜிம்மிக்கு நான் எத்தன தடவ கொடுத்திருக்கேன்! ரெண்டு ஸ்பூன் தயிர் கொடு, சூடு எறங்கிரும்.’ ஜிம்மி நாய் அக்கா. உங்கள் ஜிம்மி நாய். நாய்க்கும் இஷ்டத்துக்குக் கொடுக்கக் கூடாது, அது வேறு கதை, ஆனால் நாயும் பூனையும் ஒன்றா, இதைச் சொல்ல யாருமில்லை, அக்காவின் கமென்டுக்குக் கீழேயும் இதயம், கைகூப்பு, ‘சூப்பர் அக்கா’. சரியானதைச் சொன்னவன் அடித்துச் சொன்னான், தப்பானதைச் சொன்னவர் தடவிச் சொன்னார், இவள் யாரிடம் போவாள் என்று ஜோசியம் வேறு பார்க்க வேண்டுமா.

திருவெறும்பூர். ஏறுகிற கூட்டம் ஏறட்டும், பக்கத்து சீட்டில் ஒரு அம்மா கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்து என் மேலே பாதியைச் சாய்த்துவிட்டார், வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. எழுது. ‘சிந்துஜா, நான் புஷ்பலதா.’ சரி, அப்புறம். ‘நீங்க பண்ணது’, வேண்டாம், அங்கே தொடங்கினால் தனஞ்செயன் வீட்டில் போய்த்தான் முடியும். ‘தயவுசெய்து’, அது படிக்கட்டில் பயணம் செய்யாதீர் என்கிற குரல், யாரும் இறங்கியதில்லை. ‘தோழி’, எனக்கு வராது. ‘விஷம்’ என்று போடலாமா, போட்டால் வேகம் வரும், ஆனால் அவள் அதே பாட்டிலைத்தான் நேற்று ராத்திரி பெற்ற குழந்தைக்குக் கொடுத்திருப்பாள், விஷம் என்றால் பூனையை விட்டுவிட்டுத் தொட்டிலுக்கு ஓடுவாள், பெற்றவள் அப்படித்தான் ஓடுவாள். ஒரு வார்த்தையை வைத்தால் அது எந்தப் பக்கம் உருளும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அப்புறம் இன்னொரு பயம், அது அடியில் கிடந்துகொண்டு அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது, நீ யாரு இதைச் சொல்ல. பி.காம். கேஸ் ஏஜென்சியில் புகார் எடுக்கிற பொம்பளை. நான் சொல்லி அவள் ஓடி, ஆட்டோவின் குலுக்கலிலேயே அது போய்விட்டால்? நான் சொல்லாமல் விட்டு அது போய்விட்டால் என் பேர் எங்கேயும் வராது, அது எவ்வளவு வசதி, குரூப்பில் எல்லோரும் அந்த வசதியில்தான் இதயம் குத்துகிறார்கள், இதயம் குத்தியவன் மேல் எந்தப் பழியும் வராது. இல்லை. குரூப்புக்குப் பேர் வைத்தவள் நான், கதவைத் திறந்து வாங்க வாங்க என்று கூப்பிட்டவள் நான், வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டு அடிக்கிறவனிடமும் தடவுகிறவரிடமும் விட்டுவிட்டு நான் ஜன்னலோரம் காற்று வாங்குவதா. டாக்டர் வேலையை நான் பார்க்கப்போவதில்லை, எந்த மருந்தும் சொல்லப்போவதில்லை, டாக்டர் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவேன், அது என் வேலை.

அந்த வேலை எனக்குத் தெரியும், தினமும் செய்கிறேனே. கேஸ் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு போன் வந்தால் எங்கள் சூப்பர்வைசர் கருப்பண்ணன் சார் முதலில் கேட்பது, ‘யாரு கைய வச்சது?’ அவர் குரலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் பத்தாம் வகுப்பு பெஞ்சுக்குப் போய்விடுவார், ‘யாரும் வைக்கல சார், தானா வருது’. தானாக எப்படி வரும். பழைய சிலிண்டரின் வாஷரைப் பின்னூசியால் நோண்டி எடுத்துப் புதுசில் போட்டிருப்பார்கள், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான், அதைச் சொன்னால் மெக்கானிக் அதற்குத் தயாராகப் போவார், சொல்லமாட்டார்கள், வெட்கம், திட்டு விழுமே என்ற வெட்கம், வீடே எரிந்தாலும் எரியட்டும், நான் நோண்டினேன் என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிற அளவுக்கு வெட்கம். அதனால்தான் புகார் போனை என் மேஜைக்கு மாற்றினார்கள். நான் கேட்கமாட்டேன். ‘முதல்ல ரெகுலேட்டரை மூடுங்க. மூடிட்டீங்களா? ஜன்னலைத் திறங்க. ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. குழந்தையைத் தூக்கிட்டு வெளிய வாங்க. வந்துட்டீங்களா? இப்ப சொல்லுங்க.’ பயப்படாதீங்க என்றும் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்படாதே என்றால் அது பொய், பொய்யைக் கேட்டால் அவர்களுக்கே தெரிந்துவிடும். வெளியே வந்து நின்று மூச்சு விட்டதும் அவர்களாகவே சொல்வார்கள், ‘அந்த வாஷரை நாந்தான்மா நோண்டினேன்’. சரிங்க, மெக்கானிக் வர்றாரு. அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இது தெரியும், அதே குரலில் எழுத வேண்டியதுதானே, இதற்கா இவ்வளவு தூரம் கோட்டை விட்டுக்கொண்டு வந்தேன். எழுதினேன். ‘சிந்துஜா, நான் புஷ்பலதா. மாப்ளய உடனே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அந்த மருந்து குழந்தைக்கு ஆகும், பூனைக்கு ஆகாது. தயிர், பால் எதுவும் வேண்டாம். பாட்டிலைக் கையோட எடுத்துக்குங்க.’ அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தேன். இந்தப் பதிவு இப்போது இல்லை என்றது போன்.

போய்விட்டாள். பதிவை அழித்துவிட்டாள். மேலே இழுத்துப் பார்க்கிறேன், கீழே இழுத்துப் பார்க்கிறேன், படமில்லை, பாலாடையில்லை, தனஞ்செயன் இல்லை, விசாலம் அக்கா இல்லை, எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். குரூப்பில் புதிதாக ஒரு வரி மட்டும், ‘என் புள்ள மாதிரி வளர்த்தவனை நான் கொன்னேன்னு சொல்றீங்க. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். விசாலம் அம்மாவுக்கு மட்டும் நன்றி.’ தயிர் கொடுத்திருப்பாள். கொடுத்துவிட்டு அவனை மடியில் போட்டுத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவன் சுருண்டு படுப்பான், தூங்குகிறான் என்று நினைப்பாள், ஐயோ, இப்போது வந்துவிட்டது பார், அந்த ஐயோ, எழுதக் கூடாது என்று அழித்தது நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. தனஞ்செயனைக் கூப்பிட்டுக் கிழிக்க வேண்டும் போல இருக்கிறது, கிழிக்கலாம், அப்புறம், அது என் கோபத்துக்கு நல்லது, மாப்ளைக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் அவனைத் திட்டுகிற நேரத்தில் நானும் தனஞ்செயன்தான். யோசி. குரூப்பில் சேர்ந்த அன்றைக்கு இவள் என் இன்பாக்ஸில் வந்து ‘போட்டோ எப்படி போடறதுக்கா’ என்று கேட்டாள், நான் சொல்லிக்கொடுத்தேன், ஆமாம், இருக்கிறது, இதோ இருக்கிறது, கடைசியில் ஒரு கட்டைவிரல், மேலே அந்த டெலிபோன் படம். அமுக்கினால் மணி அடிக்கும். நான் முன்பின் பேசாதவர்களை வேலை நேரத்தில் தவிர கூப்பிட்டதில்லை, பஸ்ஸில் சத்தமாகப் பேசுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிற ஜாதி நான், கட் பண்ணுவாளோ, ‘உங்க வேலையைப் பாருங்க’ என்பாளோ, அவள் வீட்டுக்காரர் எடுத்து ‘யாருங்க நீங்க’ என்றால், பூனைக்காகப் பேசுகிறேன் என்று ஒரு முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் சொல்ல வேண்டும். சொல்வேன். சொன்னால் என்ன ஆகிவிடும், சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். சத்திரம் போய் ஆபீஸுக்குள் நுழைந்தால் செல்போன் மேஜை டிராயருக்குள் போய்விடும், அது அங்கே சட்டம், சாயங்காலம் எடுக்கும்போது மாப்ளை மண்ணுக்குள் இருப்பான். அமுக்கினேன்.

அடிக்கிறது. அடிக்கிறது. காட்டூரில் யாரோ இறங்குவதற்குள் பஸ் நகர்ந்து, ‘யோவ் நிறுத்துய்யா’ என்று ஒரு சண்டை. எடுத்துவிட்டாள், குழந்தை சிணுங்குகிற சத்தம் மட்டும். “சிந்துஜா, நான் மீசைக்கார வீட்டுலேருந்து புஷ்பலதா பேசறேன்.” “நீங்களும் திட்டத்தான் கூப்பிட்டீங்களாக்கா?” அழுது முடித்த குரல், மூக்கடைத்த குரல். இல்லம்மா, நான் திட்டமாட்டேன், நான் நல்லவள், என்று வாய் வரைக்கும் வந்தது, அதுவும் என்னைப் பற்றிய பேச்சுத்தான், விழுங்கினேன். “மாப்ள எங்க இருக்கான்?” “மடிலதான்.” “நல்லது. ஒரு கூடை இருக்கா? மூடி போட்ட கூடை, இல்லாட்டி துணிப் பை எதுனாலும்.” “எதுக்குக்கா?” “மாப்ளயத் துணில சுத்தி உள்ள வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.” கறிவேப்பிலை அம்மா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார், பார்க்கட்டும். “விசாலம் அம்மா ஒண்ணும் ஆகாதுன்னாங்களே,” என்றாள், குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது, அக்கா, நீங்களும் அதையே சொல்லிவிடுங்களேன் என்கிற கெஞ்சல், சொல்லிவிட்டால் இவள் எனக்கும் ஒரு நன்றி போடுவாள். “அவங்க சொன்னது நாய்க்கு. அவங்களுக்குத் தெரியல. பூனைக்கு இது ஆகாது சிந்துஜா.” “செத்துருவானா?” இதுதான், இந்த இடம்தான், தனஞ்செயன் செத்துரும் என்பான், அக்கா சாகாது என்பார். “வீட்டுலயே வச்சிருந்தா செத்துருவான். இப்பவே போனா காப்பாத்த வழி இருக்கு, கண்டிப்பா பிழைச்சிருவான்னு நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது, டாக்டருக்குத்தான் தெரியும். ஆனா நேரம் இருக்கு. உதட்டைத் தூக்கி ஈறு என்ன கலர்னு பாருங்க.” பஸ் ஹாரன். போனைக் காதோடு இன்னும் அழுத்தினேன். “காப்பி மாதிரி இருக்குக்கா,” என்றாள், அதற்கப்புறம் அழவில்லை, அதைக் கவனித்தேன், கையில் வேலை வந்ததும் அழுகை நின்றுவிட்டது. “கத்தவே மாட்டேங்கிறான்க்கா. கூடைல வச்சா ஊரையே கூட்டுவான், இப்ப சும்மா படுத்திருக்கான்.” “சரி. வாந்தி எடுக்க வைக்காதீங்க, வேற எதுவும் கொடுக்காதீங்க. வீட்டுல யாரு இருக்கா?” “மாமியார். பூனைக்கெல்லாம் ஆஸ்பத்திரியான்னு கேப்பாங்க.” “கேக்கட்டும். பாப்பாவ அவங்ககிட்ட கொடுத்துட்டுக் கிளம்புங்க. வந்து பதில் சொல்லிக்கலாம்.” தூரத்தில் ஒரு பெரிய பொம்பளைக் குரல், என்னடி, எங்கடி, என்று. இவள் அவரிடம் “அத்தை, மாப்ளைக்கு முடியல, பாப்பாவப் புடிங்க” என்றது கேட்டது. “எனக்குந்தான் முடியல, என்னைய எங்க கூட்டிட்டுப் போன,” என்றார் அத்தை, ஆனால் குழந்தையின் சிணுங்கல் இடம் மாறியது, வாங்கிக்கொண்டார், பாவம், திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார், உலகத்தில் எல்லோரும் திட்டிக்கொண்டேதான் நல்லது செய்வார்கள் போலிருக்கிறது.

“பாட்டிலை எடுத்தாச்சா?” “எடுத்துட்டேன்க்கா.” “டாக்டர் கேட்டா என்ன கொடுத்தீங்க, எவ்வளவு, எப்ப, மூணும் சொல்லணும். தயிர் கொடுத்திருந்தா அதையும்.” இப்போது மௌனம் வேறு மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த மௌனம், கேஸ் போனில் தினமும் கேட்கிற மௌனம். “அவங்களும் திட்டுவாங்கள்லக்கா,” என்றாள். “காய்ச்சல்னு மட்டும் சொன்னாப் பத்தாதா? அவங்களே பார்த்துக் கண்டுபிடிச்சிர மாட்டாங்க?” பார், பார், தனஞ்செயா, உன் மூன்று வரி எங்கே போய் நிற்கிறது பார், நீ அவளை அடித்தாய் என்றுதான் நினைத்தேன், நீ டாக்டரின் கண்ணைக் கட்டியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை, ஆனால் குரலில் ஏறினால் தன் மேல் என்றுதான் நினைப்பாள், இறக்கினேன். “கண்டுபிடிக்க நேரமாகும். மாப்ளைக்கு அந்த நேரம் கிடையாது. நீங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் அவரு சரியான மருந்தைக் கையில எடுப்பாரு. திட்டினா வாங்கிக்குங்க. திட்டு விழுந்தா உங்களுக்கு வலிக்கும், அவ்வளவுதான். சொல்லாம விட்டா அவனுக்கு.” “நான்தானக்கா கொன்னேன்?” “அதை அப்புறம் பேசலாம். உயிரோட இருக்கிறவனைப் பத்தி ஏன் அப்படிப் பேசறீங்க. இப்ப செருப்பை மாட்டுங்க.” போன் நின்றது. அவளாக வைத்தாளா, டவர் போனதா, அரியமங்கலம் இறக்கத்தில் எப்போதும் டவர் போகும், சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. கறிவேப்பிலை அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டார், “உங்க வீட்டு மாப்பிள்ளைக்கா உடம்பு சரியில்ல?” “பூனைங்க. பூனைக்கு மாப்ளன்னு பேரு.” அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “கூடைல வைக்கச் சொன்னீங்களே, அதான் பார்த்தேன்,” என்றார், சிரிக்கவில்லை, அப்புறம், “எந்த உசுரா இருந்தா என்னங்க,” என்று கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எனக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.

டவர் வந்ததும் வந்து விழுந்தது சிந்துஜா இல்லை, தனஞ்செயன். ‘பதிவை டெலிட் பண்ணிட்டு ஓடிட்டா பாத்தியாக்கா? நான் சொன்னது சரிதானே?’ சரிதான் தம்பி. நூற்றுக்கு நூறு சரி. சரியாகச் சொல்லி ஓட வைத்தாய், அக்கா தப்பாகச் சொல்லி உட்கார வைத்தார், நடுவில் கிடந்தவன் மாப்ளை. இதை இப்படியே எழுதி, பிறகு முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன், ஏனென்றால் இதுவும் கைதட்டலுக்கு எழுதியது மாதிரி இருந்தது, கைதட்டலுக்கு எழுதுகிறபோது எனக்கே ருசியாக இருக்கும், அதுதான் அடையாளம். ‘நீ சொன்ன விஷயம் சரி. ஆனா அவ ஆஸ்பத்திரில போய் உண்மையச் சொல்லப் பயப்படறா, நீ பேசின பேச்சுனால. இனி குரூப்ல யாராவது தப்பா மருந்து கொடுத்துட்டேன்னு வந்தா முதல்ல என்ன செய்யணும்னு மட்டும்தான் எழுதணும். நீயும்தான், நானும்தான். முடியாதுன்னா சொல்லு, நான் தனியாப் பார்த்துக்கறேன்.’ அனுப்பிவிட்டேன். அடுத்தது கஷ்டம். விசாலம் அக்கா. தனஞ்செயனிடம் கறாராக இருப்பது சுலபம், அவனும் கறார் ஆள். அக்கா என் பெண் வயசுக்கு வந்தபோது கரூரிலிருந்து பாவாடைத் துணி வாங்கி அனுப்பியவர், அவர் மனம் நோகும், நொந்தால் ஒரு வாரம் குட் மார்னிங் வராது. அதற்காக விடுவதா. அன்பாகப் பேசுகிறவரைத் திருத்துவது பாவம் என்று நமக்கு ஒரு எண்ணம், அந்த எண்ணத்தில் எத்தனை பூனை தயிர் குடித்துச் செத்ததோ. ‘அக்கா, நீங்க அந்தப் பொண்ணுக்கு ஆறுதல் சொன்னது நல்லது. ஆனா தயிர் சொன்னது தப்பு. அந்த மருந்து பூனைக்கு உயிருக்கே ஆபத்து. ஜிம்மிக்கும் இனி டாக்டரைக் கேட்காம கொடுக்காதீங்க. தெரியாத இடத்துல தெரியாதுன்னு சொல்லிருங்கக்கா, அதுக்காக யாரும் உங்களைக் குறைவா நினைக்கமாட்டோம்.’ அனுப்பினேன், உடனே பார்த்துவிட்டார், டைப் செய்கிறார், நிறுத்துகிறார், டைப் செய்கிறார், நிறுத்துகிறார். ஒன்றும் வரவில்லை.

பால்பண்ணை, காந்தி மார்க்கெட், கறிவேப்பிலை அம்மா இறங்கும்போது “பொழச்சுக்குவான்” என்றார், எந்த ஆதாரமும் இல்லாமல், விசாலம் அக்கா மாதிரியே, ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். சரி, அப்போது ஆறுதலும் வேண்டித்தான் இருக்கிறது, ரெகுலேட்டரை மூடிய பிறகு. ஆட்டோ கிடைத்திருக்குமா. ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பாரா, எங்கேயாவது மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருப்பாரா. போய் வாசலில் நின்று, வரிசையில் கன்றுக்குட்டியும் ஆடும் நிற்க, இவள் ஒரு கூடையோடு நின்று, என்னம்மா பிரச்சினை என்று கேட்டால், ‘தெரியல சார், திடீர்னு இப்படி’ என்று சொல்லிவிடுவாளோ, சொல்லிவிடுவாள், சொல்லிவிடுவாள், தானா வருது சார், யாரும் கைய வைக்கல சார், எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். மறுபடி கூப்பிடலாமா. கூப்பிட்டால் தொந்தரவு, கூப்பிடாவிட்டால் பயம். மெயின்கார்ட்கேட் தாண்டி சத்திரத்தில் இறங்கி நடக்கிறேன், போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறேன், டீக்கடை, பூக்கடை, ஏஜென்சி வாசலில் சிவப்பு சிலிண்டர்கள் வெயிலில் வரிசையாக நிற்கின்றன, உள்ளே என் மேஜையில் லேண்ட்லைன் அடித்து ஓய்கிறது, கருப்பண்ணன் சார் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார், டிராயரை இழுத்தேன், போனை உள்ளே வைக்கப் போனேன், அது கையிலேயே அதிர்ந்தது.

சிந்துஜா. எடுத்தேன். அவள் என்னிடம் பேசவில்லை, “லைன்லயே இருங்கக்கா,” என்று மட்டும் கிசுகிசுத்துவிட்டுப் போனை எங்கேயோ, தோள்பையிலோ கூடைக்குள்ளோ வைத்தாள், கரகரவென்று துணிச் சத்தம், ஒரு ஆடு கத்துகிறது, யாரோ பேர் கேட்கிறார்கள், “மாப்ள” என்கிறாள், “பூனை பேரைக் கேட்டேன்மா,” “மாப்ளதான் சார்.” யாரோ சிரித்தார்கள். பிறகு டாக்டர் போலிருக்கிறது, அவசரக் குரல், “எப்பத்திலேருந்து இப்படி? என்ன கொடுத்தீங்க?” கருப்பண்ணன் சார் என் டிராயரைக் காட்டி “போன், போன்” என்கிறார், நான் ஒரு கையைத் தூக்கி, இருங்க சார் என்றேன், இந்த ஆபீஸில் யாரும் அவரை நோக்கி அப்படிக் கை தூக்கியதில்லை, தூக்கினேன், இறக்கவில்லை. அந்தப் பக்கம் சத்தமில்லை. சொல்லு. நான் ஒன்றும் சொல்ல முடியாது, இனி என் குரல் அவளுக்குக் கேட்காது, நான் என்ன குரலில் பேசினேனோ அது மட்டும்தான் அவளிடம் இருக்கிறது. சொல்லு சிந்துஜா. “என்னம்மா, எதாவது கொடுத்தீங்களா?” ஆடு கத்தியது. “கொடுத்தேன் சார்,” என்றாள். “பாப்பாவோட காய்ச்சல் மருந்து. அரைப் பாலாடை. காலைல ஏழரைக்கு. அப்புறம் தயிர் ஒரு ஸ்பூன். நான்தான் சார் கொடுத்தேன். பாட்டில் இந்தா இருக்கு.” டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிற நேரம். திட்டுவார், திட்டட்டும், தாங்குவாள். “சொன்னீங்களே, அதுவரைக்கும் நல்லது,” என்றார் அவர். “மேஜை மேல விடுங்க. கெட்டியாப் புடிங்க, ஊசி போடப் போறேன்.” அப்புறம் இரும்பு மேஜையில் நகம் பிறாண்டுகிற சத்தம், அதற்கு மேலே, அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் கிடந்தவன், ஆஸ்பத்திரி, ஆடு, டாக்டர், எல்லோரையும் சேர்த்து ஒரு கத்து கத்தினான், அந்தக் கத்து என் காதைத் தாண்டிக் கருப்பண்ணன் சாரின் மேஜை வரைக்கும் போனது. பிழைப்பானா, தெரியாது, சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. “என்னம்மா அது?” என்றார் சார். “மாப்ள சார். கோவமா இருக்காரு,” என்றேன், எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். லேண்ட்லைன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது, எடுத்தேன்.